வாளிக்குள் தேசி மரம்

உறைபனி வருமுன் உள்ளே வைக்க, மகள் பூந்தொட்டியைச் சீமெந்துத் தரையில் இழுக்கிறாள். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு இருப்புக்கொள்வதில்லை.

எண்பதுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த லின்ஃபீல்டில், அப்பாவின் தேசிக்கன்று, அந்த எலுமிச்சை, கோடை முழுவதும் வெளியே வாளியில் நிற்கும். மே பிறந்தால் வெயிலுக்கும் சுவரோரத்துக்குமாக அதை இழுத்துக்கொண்டே திரிவார். அவருடைய தேத்தண்ணீர் படியில் ஆறிப்போகும்.

“இஞ்சருங்கோ, அதை நிலத்தில நட்டா என்ன?” என்பார் அம்மா.

“ஊரில சண்டை முடியப் போயிடுவம். நட்டா விட்டிட்டுப் போக மனம் வராது.”

நான்காம் வருடம், வெயிலில்லாத சில வாரம் ஒரே இடத்தில் நின்ற வாளி அசையவில்லை. இழுத்தார், உதைத்தார், குனிந்து பார்த்தார். வேர் அடியைப் பிளந்து மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

“என்னைக் கேக்காமலே இருந்திட்டுது,” என்றபடி படியில் குந்தினார்.

அப்பா தேத்தண்ணீரைச் சூடாகக் குடித்ததை அன்றுதான் பார்த்தேன்.