யோகன் அண்ணனின் முழங்கால்

இல்லை, விழவில்லை. எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். செயற்கைக்கால் போட்டவர் என்றால் விழுந்துதான் சாகவேண்டும் போல. யோகன் அண்ணன் வேலைக்கு வருவதற்கு உடுத்தி, கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்தது.

செய்தி வந்தபோது காலை எட்டரை. வாழைச்சேனையில், வாவிக்கரையில் இருக்கும் எங்கள் செயற்கைக்கால் நிலையத்தில் நான் தனியாக இருந்தேன். வாசல் படலைப் பக்கம் அவருடைய நடை கேட்டது. ஒரு அடி கனம், ஒரு அடி இலேசு. அவருக்குத் தேநீர் போட அடுப்பில் தண்ணீர் வைத்தேன். தொலைபேசி அடித்தது. அவருடைய மனைவி மல்லிகா அக்கா. அக்கா பேசி முடியும்வரை அந்த நடை நிற்கவில்லை. வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். மணலில் என் தடம் மட்டும்தான் இருந்தது.

அவரை அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். அறிந்தவர்கள் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம்.

இருபத்திரண்டு வயதில், வேளாண்மை பார்க்க வயல் வட்டைக்குப் போன வழியில் மிதிவெடி. இடது கால் முழங்காலுக்கு மேலோடு போனது. துண்டான காலை அவருடைய தகப்பனார் துணியில் சுற்றி வாவிக்கரையில் புதைத்தார்.

ஒரு வருடம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாராம். பிறகு கால் போட இந்த நிலையத்துக்கு வந்தார். அன்று அவருக்கான பாதத்தை அராவிக்கொண்டிருந்தவரிடம், குதிக்கால் கொஞ்சம் உயரம் என்றார். அராவியவர் எரிச்சலில் அரத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அதைக் கீழே வைக்கவில்லை.

"ரெண்டு காலோட இரிக்கக்க நான் பெரிய சோம்பேறி, புள்ள. விடிஞ்சா வேலைக்குப் போகணும் எண்டு ஒரு நாளும் ஆசை வரல்ல. இப்ப வருது."

அண்ணன் இதை என்னிடம் ஆறுதலுக்காகச் சொன்னதல்ல. கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்.

ஆறு வருடங்களுக்கு முன் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கும் வலது முழங்காலுக்குக் கீழே இல்லை. ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் இருந்து வேலை செய்தோம். சுவரோரத் தட்டுகளில் வெள்ளை பிளாஸ்டர் வார்ப்புகள். வந்தவர்களின் எஞ்சிய காலை அளவெடுத்து ஊற்றிய அச்சுகள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பெயர். காலையில் அண்ணன் அவற்றிடம் பெயர் சொல்லிச் சுகம் விசாரிப்பார். பதில் வரும் அளவுக்கு நேரமும் விடுவார். முதல் மாதம் பயத்தில் நான் அந்தத் தட்டுகளுக்கு முதுகு காட்டி உட்காரவே இல்லை.

உரியவர் இறந்துவிட்டால் வார்ப்பை உடைத்து வாவியில் போடுவார். ஒருமுறை பள்ளிவாசல் அறிவித்தலைக் கேட்டு, ஓட்டமாவடி கதீஜா உம்மாவின் வார்ப்பை உடைத்துவிட்டார். இறந்தவர் வேறொரு கதீஜா. மூன்றாம் நாள் உம்மா நடந்து வந்து, தட்டில் தன் இடம் வெறுமையாக இருப்பதைக் கண்டார்.

"என்ட மௌத்து எனக்கே தெரியாமப் போச்சே, மகன்" என்றார்.

அண்ணன் சிரிக்கவில்லை. அன்றே அவருக்குப் புதிதாக அளவெடுத்தார். அதன்பின் ஒவ்வொரு சாவு வீட்டுக்கும் தானே போய், முகத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் உடைத்தார். தன்னுடைய வார்ப்பை மட்டும் அவர் தட்டில் வைத்ததேயில்லை.

ஒரு மார்கழியில், வேலைக்கு நடுவில், கால் நனைகிறது என்றார். எந்தக் கால் என்று நான் கேட்கவில்லை. வெட்டுப்பட்ட நரம்பு மூளைக்குப் பொய் சொல்லும் என்று, படித்ததைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"நரம்புதான். நரம்புக்கு ஆர் சொன்ன?"

பின்னேரம் வாவி வீதிக்கு ஏறியிருந்தது.

சரோஜா மாங்கேணியிலிருந்து வருபவள். கணவனோடு தோணியில் போய் இறால் பிடித்தவள். பஸ் விபத்தில் அவளுக்கும் முழங்காலுக்கு மேலே போனது. மடங்கும் முழங்கால் மூட்டு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ஒரு வருடத்துக்கு மேலாக வரவில்லை. மடங்காத காலோடு தோணியில் ஏற முடியாது. அண்ணன் போட்டிருந்தது நல்ல மூட்டு. போன மாதம் அவளிடம் அதைத் தட்டிக் காட்டி, நான் போனால் இது உனக்கு, இந்தப் பிள்ளை சாட்சி என்றார்.

"அப்ப கெதியாப் போங்க அண்ணன்" என்று அவசரப்படுத்தினாள் சரோஜா. "இறால் காலம் வருது."

மூவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு பதினேழு நாள்.

சாவு வீட்டில் அவரைக் காலோடு கிடத்தியிருந்தார்கள். இரண்டு பாதத்திலும் வெள்ளைக் காலுறை. மல்லிகா அக்காவே போட்டுவிட்டிருந்தார். மூன்று மணிக்கு அடக்கம். சரோஜா படலைக்கு வெளியே, ஊன்றுகோலில், வெயிலில் நின்றாள். உள்ளே வர மறுத்தாள். தன் வாய்தான் அவரைக் கொண்டுபோனது என்றாள்.

மண்ணைப் போட்டால் மூட்டும் போய்விடும். நான் மல்லிகா அக்காவின் பக்கத்தில் இருந்து, அண்ணன் சொன்னதை மெதுவாகச் சொன்னேன். அவர் வெகுநேரம் என் காலைப் பார்த்தார்.

"கழட்டினா அங்க எப்பிடிப் புள்ள நடப்பார்?"

அவர் எழுந்து படலைக்குப் போனார். பறைமேளம் நின்றது.

"நீயா அவரக் கெதியாப் போகச் சொன்ன?"

"ஓம் அக்கா. நான்தான்."

"வீட்ட வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர். சோறு புரைக்கேறிச்சு." மல்லிகா அக்கா படலையைத் திறந்தார். "உள்ளுக்கு வா."

மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு நான் கழற்றினேன். பட்டியை அவிழ்த்ததும் மூட்டு தானாக மடிந்தது, எழும்பப் போகிறவரின் முழங்கால் போல. மூன்று பேரும் மூச்சுவிடாமல் இருந்தோம். அது அசையவில்லை. மல்லிகா அக்கா காலுறையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டார். கால் இல்லாத இடத்தில் வேட்டியைத் தடவி நேராக்கினார்.

யோகன் அண்ணன், சரோஜா உங்கள் நடையை நடக்க மாட்டாள். அவளுக்கென்று ஒரு நடை வரும்வரை விடமாட்டேன். நீங்கள் மெதுவாகப் போங்கள்.

அடக்கம் முடிந்ததும் சரோஜாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். பிளாஸ்டர் குழைத்து, அவளுக்கு அளவெடுத்தேன்.