வெள்ளையாக வந்த ஸ்டிக்கர்கள்

சூடான பசை வாசம்... ஸ்டிக்கர் தாள் பிரிண்டரிலிருந்து வெளியே வரும்போது அப்படித்தான் மணக்கும்.

கண்டி டவுனில் ஒரு வேலைவாய்ப்பு ஏஜென்சி. என் முதல் வேலை. பல்லேகல பக்கம் ஒரு ஃபெக்டரிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தோம். இன்டர்வியூ கடிதம் எல்லோருக்கும் ஒரே ஃபோட்டோகொப்பி. பெயரும் விலாசமும் உறைமேல் ஒட்டும் ஸ்டிக்கரில் மட்டும்.

டேட்டாபேஸில் பெயர், வீட்டு இலக்கம், வீதி, ஊர் என நாலு கொலம். நாலையும் சேர்த்து ஒரே வரியாக்க நான்தான் SQL கட்டளை எழுதினேன். நானும் முன்பு அங்கே வேலை தேடிப் பதிந்தவன் என்பதால், என் பதிவை வைத்தே சோதித்தேன். அழகாக வந்தது.

வராமல் என்ன? அதில் நான் கொடுத்திருந்தது கண்டியில் இருக்கும் மாமாவின் கடை விலாசம். நான் பிறந்தது தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். அதை எந்த ஃபோர்மிலும் எழுதியதில்லை. வெட்கம். வேறொன்றுமில்லை.

பிரிண்ட் எடுத்தபோது இடையிடையே சில ஸ்டிக்கர்கள் வெள்ளையாகவே வந்தன.

"பழைய பிரிண்டர் தம்பி, அதுக்கும் பசி. வந்ததை ஒட்டுங்க," என்று சிரித்தார் எதிர்மேசை அக்கா.

ஒட்டினேன். வெள்ளையில் ஒன்றை உரித்து, என் பெயரை எழுதிச் சாப்பாட்டுப் பெட்டியில் ஒட்டிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து செல்வி போன் பண்ணினாள். எங்கள் லயத்தில் பக்கத்து வீடு; அந்த ஃபெக்டரி வேலைக்கு எங்கள் ஏஜென்சியில் பதிந்திருந்தாள்.

"அண்ணே, எனக்கு லெட்டரே வரலையே?"

"அனுப்பியாச்சும்மா. தோட்டத்து ஆபீஸ்ல கெடக்கும். அவனுங்க என்னைக்கு நம்ம லெட்டர ஒழுங்கா குடுத்தானுங்க?"

"ரெண்டு வாட்டி போய்ப் பாத்துட்டேன். கிளாக்கர் ஐயா மேசை லாச்சியவே தொறந்து காட்டிட்டாரு. இது கெடைக்கலன்னா என்னைய கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிருவாங்கண்ணே..."

அப்போதுதான் அவள் பதிவைத் திறந்தேன். இலக்கம், வெறுமை. வீதி, வெறுமை.

லயத்துக்கு ஏது வீதி?

சேர்க்கும் கொலங்களில் ஒன்று NULL, அதாவது வெறுமை என்றால், மொத்த வரியும் வெறுமையாகிவிடும். பெயரும் சேர்ந்தே போய்விடும். பிரிண்டரில் ஒரு கோளாறும் இல்லை. வெள்ளையாக வந்த ஒவ்வொரு ஸ்டிக்கரும் தோட்டத்து ஆள். மனுசன் என்றால் வீட்டு இலக்கம் இருக்கும் என்று நினைத்து ஃபோர்ம் போட்டவனைத் திட்டலாம். ஆனால் SQL எழுதியவன் லயத்துப் பிள்ளை.

இன்டர்வியூ முந்தின நாளே முடிந்திருந்தது. மெனேஜரிடம் சொன்னேன். "அடுத்த முறை பாப்பம்," என்றார்.

செல்வியிடம் உண்மையைச் சொல்லவில்லை. "லிஸ்ட்ல உன் பேர் வரலையாம்," என்றேன்.

"சரிண்ணே. பாத்து சொன்னதுக்கு தேங்க்ஸ்."

பிழையைத் திருத்த ஐந்து நிமிடம்தான் ஆனது. அந்த மாதமே அவள் கொழும்புக்குப் போய்விட்டாள்.

இப்போது கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். வாசலில் இலக்கம், முனையில் வீதிப் பலகை. எங்கள் லயத்தில் இன்றைக்கும் இரண்டும் இல்லை.

போன மாதம் செல்வியின் மெசேஜ். "அண்ணே எனக்கு கல்யாணம். கார்டு அனுப்பணும், அட்ரஸ் குடுங்க."

இலக்கம், வீதி, ஊர்... எல்லாம் அனுப்பினேன்.

மூன்றாம் நாளே கார்டு வந்துவிட்டது. உறையில் ஸ்டிக்கர் இல்லை. என் பெயரை அவள் கையாலேயே எழுதியிருந்தாள்.