ஜீப் கொக்கியில் நாற்பது கிலோ

வாடகை வண்டிக்காரனை ரோடு கொல்வதற்கு முன்னால் பாரம் ஏற்றிவிடுகிறவர்கள் கொன்றுவிடுவார்கள். மாட்டுவண்டியோ லாரியோ வாடகைக்கு ஓட்டினவர் யாராவது இதைப் படித்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள்.

பட்டாளத்தில் டிரைவராக இருந்துவிட்டு ஊர் திரும்பியதும், ராணுவத்தில் கழித்துவிட்ட பழைய ஜீப் ஒன்றையும் அதன் இரண்டு சக்கர டிரெய்லரையும் வாங்கி, காரைக்குடியில் கல்யாணச் சாமான் ஏற்ற ஆரம்பித்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. டிரெய்லரின் மூக்கு ஜீப்பின் பின்னால் இருக்கும் கொக்கியில் உட்காரும். டிரெய்லர் பாரத்தோடு நூறு கிலோ இருந்தால், அதில் பத்துக் கிலோவாவது அந்தக் கொக்கியை அழுத்த வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டி ஜீப்பையே இழுத்துச் சாய்த்துவிடும். ரொம்ப மிஞ்சினால் ஜீப் பின்பக்கம் குந்திக்கொண்டு, முன்சக்கரம் ஸ்டியரிங்குக்கு மடங்காது. இவ்வளவுதான் சங்கதி. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது.

கழுத்து தாங்காதாம்

சமையல் மேஸ்திரி கருப்பையா சின்ன வயசிலிருந்தே மாட்டுவண்டி ஓட்டினவர். முன்பாரம் ஏறினால் மாட்டுக்குக் கழுத்து நோகும் என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. அரியக்குடிக் கல்யாணத்துக்கு ஆட்டுக்கல், அண்டா, அரிசி மூட்டை எல்லாவற்றையும் டிரெய்லரின் வால்பக்கமாகப் பார்த்து அடுக்கியிருக்கிறார். தொழிலுக்குப் புதுசு, நானும் கவனிக்கவில்லை.

கண்மாய்க்கரை இறக்கத்தில் டிரெய்லர் ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு பேய் பிடித்த மாதிரி. பிரேக்கைத் தொட்டால் கதை முடிந்தது என்று தெரியும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். ஜீப் நின்றபோது ஒரு சக்கரம் தண்ணீர்ப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. இறங்கிப் போய்ப் பார்க்கிறேன், பாரம் மொத்தமும் வால்பக்கம். பக்கத்தில் உட்கார்ந்து வந்த கருப்பையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ஜீப்பு பழசுல்ல சூசையண்ணே, கழுத்து தாங்காதேன்னுதான் பின்னாடி ஏத்துனேன்.”

வீட்டுச் சட்டம்

விஷயம் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. என் மனைவி லூர்து அழவில்லை, கத்தவில்லை. அது இன்னும் மோசம். சோற்றைப் போட்டுவிட்டு, தூங்குகிற இரண்டு பிள்ளைகளையும் காட்டினாள்.

மறுநாளே மதுரைக்குப் போய், மூட்டை நிறுக்கிற பெரிய தொங்கு தராசு ஒன்று வாங்கி வந்தேன். மரக்கிளையில் சங்கிலியைப் போட்டு, தராசை மாட்டி, டிரெய்லரின் மூக்கை அதில் தொங்கவிட்டால், கொக்கியை எவ்வளவு அழுத்தும் என்று முள் சொல்லிவிடும். எங்கே பாரம் ஏற்றினாலும் இதைச் செய்தாக வேண்டும் என்பது லூர்துவின் உத்தரவு. “முள்ளப் பாக்காம வண்டிய எடுத்தீகன்னா, அப்படியே போயிருங்க, வீட்டுக்கு வராதீக.”

சாமான் வேறு, ஆள் வேறு

ஒரு கல்யாண வீட்டில் வெயிலில் நின்று மூட்டையை முன்னே தள்ளிப் பின்னே தள்ளி, முள்ளைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தேன். கொக்கியில் மாட்டி, ஜீப்பைக் கிளப்பித் திரும்பிப் பார்த்தால், வேட்டி கட்டிய தடியர்கள் நாலு பேர் டிரெய்லரின் வால்பலகையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வெற்றிலை வேறு மென்றுகொண்டு!

இறங்கச் சொன்னேன். கெஞ்சினேன். கடைசியில் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன். அதில் மூத்தவர் ரொம்பப் பொறுமையாக எனக்கு விளக்கினார்: “தராசுல சாமானத்தானய்யா நிறுத்தீக? நாங்க ஆளுகள்ல.”

நாற்பது கிலோச் சீர்

வலையபட்டி ஆச்சி ஒருவர் மூத்த மகளுக்கு அனுப்பிய சீர் ஊர் கண்டிராதது. பித்தளையும் எவர்சில்வருமாக டிரெய்லர் நிறைந்து, அதன் மேல் கயிறு கட்டினோம். ஆச்சி வீட்டு வேப்பமரத்தில் தராசை மாட்டினேன். முள் நாற்பதில் நின்றது. நிறைந்த டிரெய்லர் நானூறு கிலோ, கொக்கியில் நாற்பது. எனக்குப் பரம திருப்தி.

சீரை அழைத்துப்போக வந்திருந்த மாப்பிள்ளை வீட்டுக் கணக்குப்பிள்ளை எட்டி முள்ளைப் பார்த்தார். வாயைத் திறந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காரில் ஏறி எனக்கு முன்னால் நெற்குப்பைக்குப் போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையின் தாயார் வாசலிலேயே நின்றார்கள். பின்னால் சொந்தபந்தம் மொத்தமும். கல்யாணப் பெண் தலை குனிந்து ஓரமாக நின்றது. தாயார் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்கள்: “நாப்பது கிலோச் சீருக்கு ஒரு ஜீப்பு, ஒரு டிரெய்லரு! வலையபட்டிக்காரக தலையில தூக்கிட்டே வந்திருக்கலாமே.”

கொக்கியைக் காட்டினேன், மூக்கைக் காட்டினேன். யார் கேட்டார்கள்? சாமானை இறக்கி வளவு என்கிற நடுமுற்றம் முழுக்கப் பரப்பி, இடம் போதாமல் அடுத்த கட்டுக்குப் போன பிறகுதான் வாய்கள் மூடின. அந்தப் பெண்ணின் முகம் மட்டும் அன்று முழுக்கத் தெளியவில்லை.

இரண்டு எடை

இரண்டு வருஷம் கழித்து ஆச்சி வீட்டில் சின்ன மகளுக்குக் கல்யாணம். மறுபடி என்னையே கூப்பிட்டார்கள். டிரெய்லரை முந்தின நாளே அங்கே விட்டுவந்திருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால், ஆட்டுக்கல், அம்மி, அண்டா அத்தனையும் டிரெய்லரின் மூக்கிலேயே மலையாகக் குவிந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் சுற்றி நிற்கிறார்கள். தராசை மாட்டச் சொன்னார்கள் ஆச்சி. முள் இருநூறைத் தொட்டது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. ஆச்சி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

ஆச்சியைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தப் பாரத்தோடு ஜீப்பைக் கிளப்பினால் திருப்பத்தில் திரும்பாது, நேரே கண்மாய்தான், நான் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வாடகை போனால் போகட்டும், வீட்டில் லூர்து முகத்தில் முழிக்க வேண்டுமே என்றும் சொன்னேன். ஆச்சி மாப்பிள்ளை வீட்டாரைச் சாப்பாட்டுக்கு உள்ளே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள். “மூத்தவ பட்டது இவளுக்கு வேணாம்ப்பா, அதான் அவுக கண்ணுக்கு ஒரு எடை காமிச்சேன். இப்ப நீ இறக்கி ஏத்தி, உன் பொண்டாட்டிக்கு ஒரு எடை போட்டுக்க.”

ஜீப்பை விற்கிற வரைக்கும் செட்டிநாட்டுச் சீர் ஒவ்வொன்றையும் இப்படி இரண்டு தடவை ஏற்றி இரண்டு தடவை நிறுத்தேன்; உயிர் பத்திரமாக இருக்கிறது, தோள்பட்டைதான் போய்விட்டது.