சுருங்கிய நாடாவால் அளந்த கொறங்காடு

குன்னத்தூருக்கு அந்தப் பக்கம் எங்கள் பனியன் கம்பெனி முதலாளிக்கு ஒரு கொறங்காடு இருந்தது. செம்மறி மேய்கிற நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், அவற்றுக்கு நடுவில் சம்பந்தமே இல்லாமல் ஒன்பது இரும்புக் கூடைகள்.

கூடைகளை நட்டவர் எங்கள் சரக்கை அளந்து சோதிக்க, அதை வாங்குகிற வெளிநாட்டுப் பையர் அனுப்பிவைத்திருந்த க்யூசி. வெள்ளைக்காரர், தலை நரைத்தவர், திருப்பூரில் தனிக்கட்டை. அவர் ஊரில் பந்துக்குப் பதில் தட்டு எறிந்து, குழிக்குப் பதில் கூடையில் விழவைக்கிற ஒரு கோல்ஃப் உண்டாம். கூடைக்கு மேல் தொங்குகிற சைக்கிள் செயின்களில் தட்டு மோதிச் சலசலவென்று உள்ளே விழும். அந்தச் சத்தத்தைக் கேட்க ஆடுகளும் நானும்தான். நான் பையரின் ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர்; கைதட்டுவதும் உத்தியோகத்தில் சேர்த்தி என்று நினைத்திருந்தேன்.

பெங்களூரில் அவருக்கு நான்கு நண்பர்கள். ஒரு தடவை விளையாட வந்தார்கள். மூன்றாவது கூடைக்குப் பிறகு எந்தப் பக்கம் போவது என்று சொல்ல ஒரு பலகை இல்லை. பக்கத்துக் காட்டுக்குள் புகுந்தார்கள், நாய் துரத்தியது, ஒருவர் காலில் வேலமுள்ளோடு திரும்பினார். தூரமும் தெரியாததால் ஒரு தட்டுகூட ஒழுங்காகப் போய் விழவில்லை. "இனி இதெல்லாம் நமக்கு ஆகாது, வயதாகிவிட்டது" என்று சொல்லிக் காரில் ஏறினார்கள். க்யூசி கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்மதம் வாங்கியிருந்தார். அதுவும் சொதப்பினால் அவ்வளவுதான். இதை என்னிடம் சொன்னபோது, லீவுக்கு யாரும் கூட்டிப்போக வராத ஹாஸ்டல் மாணவனைப் போல இருந்தார்.

"போர்டு நம்ம பொறுப்புங்க" என்றார் முதலாளி. டி-ஷர்ட் நெஞ்சில் பூப்போடும் பிரிண்டிங் யூனிட்டிலேயே தகரத்தில் அம்புக்குறிகள் அடித்தோம். தூரம் அளக்க நீள டேப் ஒன்று வாங்கலாம் என்றேன்.

"ஏனுங்க, நம்மகிட்ட ரோல் ரோலா நாடா கெடக்குது. அளக்கறதுக்குன்னு தனியா ஒண்ணு வேணுங்களா?"

பேன்ட் இடுப்பில் கோர்க்கிற பருத்தி நாடா. கட்டிங் டேபிளில் விரித்து, மீட்டருக்கு ஒரு கோடு மார்க்கரால் போட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அற்புதமான கோடுகள்.

கொண்டுபோன அன்று மழை. நாடா சேற்றில் விழுந்தது. மறுநாள் காலை போனால், வேலிமேல் வெள்ளைவெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது.

"தொட்டியில போட்டு நல்லா அலசிட்டனுங்க" என்றார் முதலாளி.

ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஒன்பது தூரத்தையும் அளந்தோம். எண்களை அடித்துப் பலகைகளை நட்டோம்.

சனிக்கிழமை சாயங்காலம் க்யூசி வந்தார். அம்புகளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, பைனல் இன்ஸ்பெக்ஷனில் எங்கள் டி-ஷர்ட்களை அளக்கிற அந்த மஞ்சள் டேப்பைப் பையிலிருந்து எடுத்து நாடாவின் மேல் வைத்துக்கொண்டே போனார். என் பத்து மீட்டர் அதில் ஒன்பதுதான் வந்தது.

"வாஷ் பண்ணீங்களா?" ஃபேக்டரியில் பழகிய தமிழ்.

"முதலாளி அலசினாருங்க."

"ஷ்ரிங்கேஜ்ங்க" என்றார்.

துவைத்துப் பார்க்காமல் துணியை வெட்டாதே என்று ஊரிலுள்ள டையிங்காரர் முதல் டெய்லர் வரை வகுப்பெடுத்தவன் நான். முதலாளி எங்கள் இருவரையும் பரிதாபமாகப் பார்த்தார். "பருத்தின்னா சுருங்கத்தானுங்க செய்யும்."

புது எண் அடிக்கலாமென்றால் யூனிட் பூட்டியாகிவிட்டது. எண்களை மட்டும் கரி பூசி மறைத்துவிடட்டுமா என்று கேட்டேன். க்யூசி முதல் பலகை முன்னால் போய் நின்றார். எழுபது என்றது பலகை. தரையில் அறுபத்து மூன்றுதான் இருந்தது.

"நாளைக்குப் பாக்கலாம்ங்க."

ஞாயிறு நால்வரும் வந்தார்கள், போன தடவைக்குப் பிராயச்சித்தம் செய்கிற முகத்தோடு. முள் குத்தியவர் முதலில் எறிந்தார். தட்டு கூடைக்கு ஓரடி முன்னால் போய் உட்கார்ந்தது. பலகைக்குத் திரும்பி வந்து எண்ணைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"எழுபதா?"

நான் க்யூசியைப் பார்த்தேன். க்யூசி ஆடுகளைப் பார்த்தார்.

"போர்டில் போட்டிருக்கிறதே" என்றார்.

அதற்கப்புறம் அந்த நால்வரையும் பிடிக்க முடியவில்லை. யாரும் வழி தவறவில்லை. பக்கத்துக் காட்டு நாய் வேலியோரம் சும்மா படுத்திருந்தது. ஐந்தாவது கூடையில் ஒருவர், தன் முழங்கால் வலி இந்த ஊர்த் தண்ணீருக்குக் குறைந்திருக்கிறது என்று அறிவித்தார். கடைசியில் இளநீர் குடிக்கும்போது, யாரும் கேட்காமலே, அடுத்த மாதம் எந்த ஞாயிறு என்று அவர்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள். எங்கள் க்யூசி இளநீரைக் குடிக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

கார் புழுதிக்குள் மறைந்ததும் கேட்டேன்: "நம்பரை மாத்தி அடிச்சுரட்டுங்களா?"

"நோங்க."

"அப்ப பாஸுங்களா?" என்றார் முதலாளி.

"பாஸ்ங்க."

ஆறு வருடத்தில் அவர் வாயிலிருந்து, தயங்காமல், அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றைக்குத்தான். அந்த நம்பிக்கையில் திங்கட்கிழமை என் டி-ஷர்ட்களைச் சிரித்த முகத்தோடு அவர் மேஜையில் பரப்பினேன். மஞ்சள் டேப் வெளியே வந்தது. கை நீளம் அரை சென்டிமீட்டர் குறைவு.

"ரிஜெக்ட்ங்க" என்றார்.