செல்லத்தாய் வைத்த செங்கல்

நீர்வடிப்பகுதித் திட்டத்தில் களப்பணியாளர் வேலை என்பது, ஊர்க்காரர்களிடம் அவர்கள் ஊரையே வரைந்து காட்டச் சொல்லி உயிரை வாங்குவது. என்னைப் போல சார்ட் பேப்பரும் கையுமாக அலைந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே ஒரு கை

திருத்தங்கல் பக்கத்து ஊர். ஏழு மணிக்குப் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து ஊரையே அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் ஆறு மணிக்கே கூட்டம் போட்டேன். "தடுப்பணை கட்டப்போறோம். யாருக்கெல்லாம் மழை வேணும்?" என்று கேட்டேன்.

ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. மழை பெய்தால் பட்டாசு மருந்து காயாது, கம்பெனியில் வேலையும் கிடையாது. கை தூக்கிய செல்லத்தாய்க்கு ஒன்றரை ஏக்கரும் ஒரு கிணறும் இருந்தன. கிணற்றில் தண்ணீர் இருக்கும்வரை கம்பெனிக்குப் போகமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். பக்கத்தில் நின்ற பெண் என்னை முறைத்தார்: "சீசன் முடியட்டும் சார், பெறகு எம்புட்டு வேணும்னாலும் பெய்யட்டும்."

வேன் திரும்பிய இடம்

மறுநாள் ஊர்ப் பொது மந்தையில் கோலப்பொடியால் ஊரை வரைந்தார்கள். செல்லத்தாய் நீலப் பொடியில் ஓடையை இழுத்து, தன் கிணற்றுக்குச் சற்று மேலே ஒரு செங்கல்லை வைத்தார். தடுப்பணை அங்கே இருந்தால்தான் கீழே இருக்கும் தன் கிணற்றில் ஊறும் என்றார். பிறகு ஆடு மேய்க்கப் போய்விட்டார்.

நான் பேப்பரில் பார்த்து வரைவதற்குள் வேன் ரிவர்ஸில் வந்து திரும்பியது. பாதி ஊர் டயரோடு போயிற்று. செங்கல் எங்கேயோ தள்ளிக் கிடந்தது. கிடந்த இடத்தையே குறித்துக்கொண்டேன். நாலு எட்டு நடந்து செல்லத்தாயைக் கேட்டிருக்கலாம். சோம்பேறித்தனம், வேறென்ன? டிரைவர் மட்டும் ஆறுதல் சொன்னார்: "கோலந்தான சார், நாளைக்கு வேற போட்டுக்கிடுங்க."

கையெழுத்து

படத்தில் குறித்த இடத்திலேயே அணை கட்டலாம் என்ற தீர்மானத்தில் எல்லாரும் வேன் படியில் வைத்தே கையெழுத்துப் போட்டார்கள். செல்லத்தாய் வீட்டுக்கு நானே போய் வாங்கினேன். படத்தை விரித்துக் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. என்னை நம்பினார்.

ஓடையில் அவர் கிணற்றைத் தாண்டிக் கீழே அணைக்குக் குழி தோண்டியபோது ஓடிவந்தார். ஒப்புதல் ஆகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றேன். சொல்லும்போதே எனக்குக் கூசியது. அவர் சத்தம் போடவில்லை: "கல்லு நான் வச்சதுதான் சார், எடம் நான் சொன்னதில்லையே."

ஏழு மணி வேன்

அந்த ஐப்பசி மழையில் தடுப்பணை நிறைந்தது. மேலே இருந்த செல்லத்தாய் கிணறு ஊறவில்லை. சித்திரையில் ஆடுகளை விற்றார்.

ஆடியில் இன்னொரு கூட்டம். பழக்கதோஷத்தில் அதே கேள்வியைக் கேட்டுவிட்டேன். ஒரு கையும் உயரவில்லை. தூக்குவாளியோடு வேனில் ஏறிய செல்லத்தாய் மட்டும் திரும்பிப் பார்த்தார்: "இப்ப நானும் மழை வேணாம்னுதான் சார் கும்புடுறேன்."

எங்கள் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் 'மக்களே வரைந்த வரைபடம்' என்று இன்றும் இருக்கிறது, ஒரு வேன் டயரும் நானும் சேர்ந்து அதை முடித்துக் கொடுத்த விவரம்தான் விடுபட்டுப் போயிற்று.