மிச்சம் வைக்காத செந்தூர்பாண்டி

சிவகாசியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஆனால் மிஷினைத் திறப்பதற்கு முன்னால் செம்புத் தகட்டைத் தொடுகிறவர் செந்தூர்பாண்டி ஒருவர்தான். கடை மேசையின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகட்டை அறைந்து, அதிலிருந்து ஒரு கம்பியைத் தரைக்குள் இறக்கியிருக்கிறார். புதிதாக வருகிறவர்கள், மனுஷன் ஏதோ சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். அவரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. கடைக்குள் மண் வராது பாருங்கள்.

சாமியெல்லாம் ஒன்றும் இல்லை. ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில், வெடிமருந்து கலக்கும் அறையில் பாதி ஆயுசைக் கழித்தவர் பாண்டி. உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் ஒரு பொறி விட்டாலும் அந்த அறை மிஞ்சாது. அதனால் வாசலில் இருக்கும் தகட்டைத் தொடாமல் யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. கம்ப்யூட்டரின் உள்பாகங்களுக்கும் அந்தப் பொறி ஆகாது என்று பிற்பாடு படித்தபோது அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இத்தனை வருஷப் பழக்கம் வீண்போகவில்லையே.

ஒரு வருஷம் கம்பெனி மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று, பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்த ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து நோண்டத் தொடங்கினார். புது விண்டோஸ் ஏறவே ஏறாது என்று கைகழுவப்பட்ட மிஷின் அது. லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, யாரும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டு அதை ஏற்றினார். மிஷின் எழுந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து மனுஷனுக்கு லினக்ஸ் கிறுக்கு. டீக்கடையில் அவர் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும், உட்கார்ந்தால் லினக்ஸைப் பற்றிக் கேட்டாக வேண்டும்.

கிறுக்கு கடையாக மாறியது. கடை நிற்குமா என்பதுதான் கேள்வி. தீபாவளி சீசன் நெருங்கினால் கம்பெனிப் போர்மேன் கருப்பணன் போன் போட்டுவிடுவார். மருந்து கலக்கக் கைதேர்ந்த ஆள் லேசில் கிடைப்பதில்லை. இந்த வருஷமும் கூப்பிட்டார். ஆடிப் பதினெட்டு வரைக்கும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பாண்டி தவணை வாங்கியிருந்தார். கடையில் உருப்படியான வேலை வராவிட்டால் மறுபடி அந்த அறைதான். அவர் அங்கே போன காலத்தில் மனைவி பொன்னுத்தங்கம், புருஷன் சாயங்காலம் வாசலில் வந்து நிற்கிற வரைக்கும் ஒரு வாய் சோறு தின்றதில்லை. அதை அவள் சொன்னதும் இல்லை, அவர் கேட்டதும் இல்லை. இருவருக்கும் தெரியும்.

அப்போதுதான் ஷாஹிதா அக்காவின் வேலை வந்தது. தினசரி காலண்டர் அடிக்கிற அச்சகத்துக்குப் படங்கள் தயார் செய்து கொடுக்கும் டிசைன் ரூம் அவருடையது. அவரும் ஆர்த்தி என்ற பெண்ணும்தான் அங்கே எல்லாம். அங்கிருந்த கம்ப்யூட்டர்கள் கிழடு தட்டி, ஒரு படம் திறப்பதற்குள் டீ ஆறிப்போகும். சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளைக் கோத்த ஆல்பம் ஆடிப் பதினெட்டில் பூஜை போட்டு வெளியே வந்துவிட வேண்டும். தவறினால் ஏஜெண்டுகள் வேறு கம்பெனி ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஆர்டர் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள், அந்த வருஷம் அவ்வளவுதான்.

பாண்டி எல்லா மிஷினிலும் லினக்ஸ் ஏற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார். ஓரத்தில் இருந்த மிஷினைக் காட்டி ஷாஹிதா தனியாகச் சொன்னார்.

“இதுல மட்டும் பழசை அழிச்சிராத தம்பி. ஆல்பத்துப் படம் அம்புட்டும் இங்கனதான் கெடக்கு.”

சரி என்றார் பாண்டி. முதலில் படங்களை வேறு இடத்தில் நகல் எடுத்து வைத்திருக்க வேண்டும். அது யாருக்குத்தான் தெரியாது? தெரிந்துகொண்டே நாளைக்கு ஆகட்டும் என்று விடுவதில் நாம் யாரும் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை.

மற்ற மிஷின்களில் காப்பாற்ற எதுவும் இல்லை. லினக்ஸ் ஏறும்போது, பழையதை வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறவா, எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஏறவா என்று கேட்கும். அழித்துவிடு என்று பாண்டி வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஓரத்து மிஷினுக்கு வந்தபோது சாயங்காலம். கம்பெனியில் அது மிச்ச மருந்தைத் தீர்க்கிற நேரம். கலந்த மருந்தில் ஒரு சிட்டிகைகூட ராத்திரி தங்கக் கூடாது, தங்கினால் ஈரம் பட்டுத் தானாகவே சூடேறும். வேலை முடிகிற நேரத்தில் மிச்சம் வைக்காதே என்பது அவருக்கு எலும்பில் ஊறிய பாடம். திரை கேட்டது. கை போய் ‘எல்லாவற்றையும் அழி’ என்பதை அமுக்கியது. நிச்சயமாகத்தானா என்று மறுபடியும் கேட்டதற்கும் ஆமாம் என்றது அதே கை.

திரையில் கோடு நகரத் தொடங்கியபோதுதான் அவருக்கு உறைத்தது. ஒயரைப் பிடித்து இழுத்தார். ஷாஹிதா அக்கா பின்னால் பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், இன்னும் எதையும் பார்க்கவில்லை. ஏதோ கோளாறு, மிஷினே செத்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். கிழட்டு மிஷின்தானே, யாரும் நம்புவார்கள். ஆனால் மருந்தறையில் கை தவறினால் அந்த நொடியே சத்தம் போட வேண்டும், மறைக்கிறவன் தன்னோடு பக்கத்து ஆளையும் சேர்த்துக் கொல்வான். பாண்டிக்கு வேறு மாதிரி இருக்கத் தெரியாது.

“அக்கா, தப்புப் பண்ணிட்டேன். ஓரத்து மிஷினை அழிச்சிட்டேன். யாரும் அதைத் தொடாதீக.”

ஷாஹிதா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆர்த்திதான் அழுதாள். பாண்டி வேர்த்து ஊற்ற, தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அழித்தாலும் மேலே வேறொன்றை எழுதுகிற வரைக்கும் பழையது அடியில் கிடக்கும். எழுதத் தொடங்கியவுடனேயே நிறுத்தியாயிற்று. பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி, படங்களை மட்டும் துழாவி எடுக்கும் ஒரு புரோகிராம் இருக்கிறது. ஆனால் அது எடுத்துத் தருகிற படத்துக்குப் பெயர் இருக்காது.

மறுநாள் படங்கள் வந்தன. ஒன்றிரண்டு பாதி சாம்பல் நிறமாக வந்தன, மற்றதெல்லாம் முழுசு. வந்தன என்றால் சாதாரணமாகவா, வெள்ளமாக வந்தன. லட்சுமி, பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, அருவி, ரோஜாவைக் கடிக்கும் குழந்தை, எல்லாருக்கும் ஏதோ ஒரு கிறுக்கு எண். ஆல்பத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நம்பர் உண்டு, கடைக்காரர்கள் சாமி பெயரைச் சொல்ல மாட்டார்கள், நம்பரைச் சொல்லித்தான் ஆர்டர் கொடுப்பார்கள். நம்பர் மாறினால் நாடார் கடைக்குப் போக வேண்டிய பழனி முருகன், பேக்கரிக்குப் போய்விடுவார்.

ஷாஹிதா முக்காட்டை இறுக்கிக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்தார். ஐந்து வேளை தொழுகிற அவருக்கு முருகன்கள் அத்தனை பேரும் மனப்பாடம். மயில் கழுத்தைத் திருப்பியிருந்தால் இது, வேலில் எலுமிச்சம்பழம் இருந்தால் அது என்று நம்பரைச் சொல்லிக்கொண்டே போனார். ஒரே முகத்தில் ஆறு முருகன்கள் வரிசையாக வந்தபோது பாண்டி கும்பிட்டே விட்டார். கடைசியில் மெக்காவின் கஃபா படம் வந்தது. ஷாஹிதா யோசித்தார், நெற்றியைத் தேய்த்தார், நம்பர் வரவில்லை. ஆர்த்தி சட்டென்று சொன்னாள். முந்தின நாள் அழுகை கேட்ட அறையில் அப்போதுதான் முதல்முறையாகச் சிரிப்பு கேட்டது. ஷாஹிதாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆல்பம் ஆடிப் பதினெட்டுக்கு வந்துவிட்டது. சந்தனம் தெளித்து, தேங்காய் உடைத்ததும் ஏஜெண்டுகள் மூலைக்கொருவராகப் பறந்தார்கள். பாண்டி தன் பையை மடக்கிக்கொண்டு ஷாஹிதாவிடம் வந்தார். இந்தக் கை மருந்தறைக்குத்தான் லாயக்கு அக்கா, வேறு ஆள் பாருங்கள் என்றார்.

“நீ மறைச்சிருந்தா இன்னொருத்தனைக் கூப்பிட்டு அதுமேல வேற எதையாச்சும் ஏத்தியிருப்பேன். எம் பொழப்புப் போயிருக்கும், நீ தப்பிச்சிருப்ப,” என்றார் ஷாஹிதா. “பிரஸ்காரங்க நாலு பேருகிட்ட உன்னையச் சொல்லிட்டேன். எல்லாரும் கெழட்டு மிஷினை வச்சிட்டு முழிக்காங்க. அழிக்கவான்னு கேக்கயில மட்டும் வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு அமுக்கச் சொல்லு. நீ அமுக்காத.”

வீட்டுக்கு வந்து இதைப் பொன்னுத்தங்கத்திடம் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கருப்பணன். நாளைக்கே வர முடியுமா என்று கேட்டார். நாலு இடத்து வேலை கையில் இருந்தும், கொஞ்சம் இருங்கள் என்று பாண்டி போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தப்புச் செய்த கை இன்னும் கண்ணுக்குள் நின்றது.

பொன்னுத்தங்கம் உள்ளே போய், மருந்தறைக்குப் போட்டுப் போகும் பருத்திச் சட்டையை எடுத்து வந்தாள். எத்தனை துவைத்தும் போகாத அலுமினியப் பவுடர் அதன் தோளில் வெள்ளியாக மின்னியது. போகச் சொல்லித்தான் எடுத்து வந்திருக்கிறாள் என்று பாண்டி நினைத்தார். அவள் அந்தச் சட்டையின் முதுகுத் துணியைப் பல்லில் கடித்து, நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தாள்.

“மிஷின் தொடைக்கத் துணி பத்தலைன்னீகள்ல,” என்றாள்.

பாண்டி போனைக் காதுக்குக் கொண்டுபோய், இனி வரவில்லை என்று சொன்னார். அன்றைக்குப் பொன்னுத்தங்கம் அவருக்கு முன்னாலேயே சாப்பிட உட்கார்ந்தாள்.