பலாமரத்து வளைவில் தள்ளக் கூடாது

எங்கள் மலையில் சைக்கிள் என்பது இறங்குவதற்கு மட்டும்தான். ஏறும்போது அது பஸ்ஸின் தலைமேல் ஏறிக்கொண்டு வரும், உடையவன் உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்து வருவான். கீழே குப்பனூரிலிருந்து ஏற்காட்டுக்கு ஒருவன் மிதித்தே வருகிறான் என்றால், ஒன்று அவனுக்கு ஏதோ வேண்டுதல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூளை பிசகியிருக்க வேண்டும். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அதனால் எண்பதுகளின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ரோட்டில் சைக்கிள் பந்தயம் நடக்கப்போகிறது என்று சேதி வந்தபோது, "எந்தச் சாமிக்குங்க?" என்றுதான் டீக்கடைக்காரர் கேட்டார்.

எனக்கு விஷயம் முன்னாலேயே தெரியும். ஓட்டப்போகிறவர்களில் ஒருவன் என் தம்பி.

அவன் சேலத்தில் ஒரு நூல் மில்லில் தற்காலிக வேலையில் இருந்தான். மில்லுக்கென்று ஒரு சைக்கிள் குழு இருந்தது. இந்த மலைப் பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் ஜில்லா அணியில் சேர்த்துக்கொள்வார்கள். ஜில்லா அணிக்காரனை மில்லில் நிரந்தரமாக்கிவிடுவார்கள். வராவிட்டால், மூட்டையைக் கட்டிக்கொண்டு மேலே வந்து மறுபடியும் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்க வேண்டியதுதான். அதில் ஒன்றும் கேவலமில்லை, நாங்கள் எல்லோரும் பறித்தவர்கள்தான். ஆனால் அவனுக்கு இயந்திரம் என்றால் உயிர். வீட்டுக்கு வந்தால் மில் மெஷினைப் பற்றியேதான் பேச்சு. ஆசைப்பட்டவனுக்குக் கிடைக்கட்டுமே என்று எனக்கு இருந்தது.

பழகுவதற்காக ஞாயிற்றுக்கிழமை தோறும் மிதித்துக்கொண்டே வீட்டுக்கு வர ஆரம்பித்தான். முதல் தடவை அவன் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து அம்மா பதறிப்போனாள்.

"பஸ்ஸுக்குக் காசில்லீன்னா சொல்லியனுப்பக் கூடாதா சாமி?"

பந்தயத்துக்கு என்று அவன் மூச்சு வாங்கிக்கொண்டே விளக்கியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அடுத்த ஞாயிறு, பலாமரத்து வளைவில் போய் நின்றுகொண்டாள்.

எங்கள் வீட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிற கொண்டை ஊசி வளைவு அது. லாரியே அங்கே முனகிக்கொண்டுதான் திரும்பும். மேலே ஏறுகிற வண்டி எதுவாக இருந்தாலும், பால் கேன் கட்டிய சைக்கிளோ, மூச்சு நின்றுபோன ஜீப்போ, ரோட்டில் இருக்கிறவர்கள் பின்னால் போய்த் தள்ளிவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் உதவி கேட்பதும் இல்லை, தள்ளினதற்கு நன்றி சொல்வதும் இல்லை. அம்மா இதில் பெரிய ஆள். அப்பா போன பிறகு எங்கள் இரண்டு பேரையும் தனியாக வளர்த்தவள், நல்ல வலுவான உடம்பு. எஸ்டேட் ஜீப் நின்றுவிட்டால் டிரைவர் இறங்கி அவளைத்தான் தேடுவார். அந்த ஞாயிறு தம்பியின் முதுகில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, "ஏ சாமி, ஏ சாமி" என்று சொல்லிக்கொண்டே வளைவு முடிகிறவரைக்கும் ஓடித் தள்ளினாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். அப்புறம் சுகமாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டான். கடைசியில் என்ன ஆயிற்று என்றால், மலையில் இருக்கிற அத்தனை வளைவையும் அவன் தன் காலால் ஏறியிருந்தான், எங்கள் வளைவைத் தவிர.

பந்தயத்துக்கு முந்தின வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, வழியில யாராச்சும் தொட்டாலே போதும், என்னையப் பந்தயத்துல இருந்து எடுத்துருவாங்க. அன்னிக்கு மட்டும் அம்மாவ எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிரு."

கரடியூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகலாம் என்று நைசாகப் பேச்செடுத்தேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ற பையன் ஓட்டறத ஊரே பாக்கும். நான் மட்டும் கரடியூர்ல போயி செவுத்தப் பாத்துட்டு ஒக்காந்திருக்கணுமா கண்ணு?"

நியாயமான கேள்வி. ஆனால் என்னிடம் ஒரு யோசனை இருந்தது. நான் அப்போது கல்யாணமாகி வெள்ளக்கடையில் இருந்தேன், தவழ்கிற வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தேன். பந்தயம் முடிகிறவரைக்கும் பேத்தியை நீதான் வைத்திருக்க வேண்டும் என்று அம்மா இடுப்பில் ஏற்றிவிட்டேன். இரண்டு கையும் குழந்தையில் மாட்டிக்கொண்டால் மூன்றாவது கைக்கு எங்கே போவாள்? என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்றைக்குப் பனி விலகும்போதே வளைவில் கூட்டம். சர்ச்சில் காலைப் பூசை முடிந்த பெண்கள் நல்ல புடவையோடு அப்படியே வந்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் ரேடியோவை வெளியே எடுத்து வைத்தார். வளைவைக் கண்காணிக்க ஒருவரை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் விசில், கையில் சிவப்புக் கொடி. கீழே ஏதோ பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராம். எனக்கு ஒரு கெட்ட குணம், கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொள்வதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க சார், எல்லாரும் ஒண்ணா வருவாங்களா?"

"ஒண்ணா வர மாட்டாங்கம்மா. ஒருத்தர் கெளம்பி ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் அடுத்தவர்."

"அப்ப மொதல்ல வர்றவரு ஜெயிச்சவரு இல்லீங்களா?"

"இல்ல. அவங்கவங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பாத்துத்தான் சொல்லுவாங்க."

பக்கத்தில் யாருமே இல்லாமல் ஓட்டுகிற பந்தயமா? எதிராளியைக் கண்ணால் பார்க்காமல் எப்படிப் போட்டி போடுவது? யாருக்காக வேகத்தைக் கூட்டுவது? நான் இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே முதல் ஆள் வந்துவிட்டான். கூட்டம் அவன்தான் ஜெயித்தான் என்று கை தட்டியது. டீக்கடைக்காரர் அவனுக்கு ஒரு கிளாஸ் டீயோடு ஓடினார். இரண்டாவது வந்தவனைப் பார்த்து, "பாவம், தோத்துட்டான்" என்றார்கள். கடிகார விஷயத்தை எடுத்துச் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை.

"முன்னால போறவன் முன்னாலதான புள்ள?" என்றாள் ஒரு அம்மாள்.

எனக்கோ யார் வேகம் என்று தெரியாவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருந்தது. வளைவுக்குக் கீழே, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் ரோடு ஒரு இடத்தில் தெரியும். அங்கே தலை தெரிந்ததும் ரேடியோவில் எந்த வரி ஓடுகிறது என்று கவனித்துக்கொள்வேன். பல்லவி திரும்ப வருவதற்குள் எங்களிடம் வந்துவிட்டால் வேகக்காரன். சரணமும் முடிந்துவிட்டால் அவன் கதை அவ்வளவுதான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நியூஸ் வந்ததும் என் கடிகாரம் கெட்டுப்போயிற்று.

அப்புறம் முகங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒருவன் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான், இன்னொருவன் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தான். ஒருவன் யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே ஏறினான், யாரை என்று கேட்க எனக்கு ஆசை. அடுத்தவன் சைக்கிள் தள்ளாடியதும் ஒரு பெண் தன்னை அறியாமல் எழுந்து அவன் பின்னால் போய்விட்டாள். வாத்தியார் விசில் ஊதிவிட்டார்.

"தொடாதீங்கம்மா. தொட்டா அவருக்குத்தான் நஷ்டம்."

"நொம்பப் பாவமா இருக்குதுங்களே சார்."

"பாவமா இருந்தாலும் தொடக் கூடாது."

அதோடு எல்லோரும் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்கள். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். குழந்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள், நல்ல பிள்ளையாக.

தம்பி வந்தான். கீழ் ரோட்டில் தெரிந்தபோது நல்ல வேகம். வளைவுக்குள் நுழைந்ததும் கால் தளர்ந்தது. எந்த இடத்தில் வழக்கமாக அம்மா கை வைப்பாளோ, சரியாக அந்த இடத்தில். அவனுக்குத் தெரிந்து தளரவில்லை, உடம்பு பழகிப்போயிருந்தது. சைக்கிள் இப்படியும் அப்படியும் அலைந்தது. இன்னும் இரண்டு மிதியில் காலை ஊன்றிவிடுவான் போல இருந்தது.

"கொஞ்சம் புடிங்க சார்" என்ற குரல் கேட்டுத் திரும்பினேன். அம்மா குழந்தையை வாத்தியார் கையில் கொடுத்துவிட்டாள். நீட்டின குழந்தையை யார்தான் வாங்காமல் இருப்பார்கள்? அவரும் வாங்கிக்கொண்டார், கொடி கீழே விழுந்தது. அம்மா ஓடினாள்.

போச்சு என்று நினைத்தேன். எல்லாம் போச்சு. "ஏ சாமி, ஏ சாமி" என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடுகிறாள். சைக்கிள் நிமிர்ந்தது. அவன் எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தான். வாத்தியார் குழந்தையை அணைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கவாட்டில் ஓடினார். குழந்தை அவர் விசிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வளைவு முடிந்து தம்பி மேலே மறைகிறவரைக்கும் குழந்தையோடு சேர்த்து மூன்று பேரும் ஓடினார்கள், நான் ஒருத்திதான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அம்மா திரும்பி வந்தாள்.

"தொடலை கண்ணு" என்றாள்.

நான் நம்பவில்லை. பெற்ற தாயை நம்பவில்லை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அவள் தள்ளுகிறவள் என்று எனக்குத் தெரியும். வாத்தியாரிடம் கேட்டேன். அவருக்கு மூச்சு இரைத்தது. அதற்குள் அடுத்த ஆள் வந்துகொண்டிருந்தான்.

"மேல போய்ப் பேசிக்கலாம்மா" என்று குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொடியைத் தேடப் போய்விட்டார்.

கடைசி ஆள் ஏறுகிறவரைக்கும் அந்தப் பதிலோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு கேள்வியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே கிடையாது. ஜீப் வந்ததும் வாத்தியார் எங்களையும் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் அம்மா தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏரிக்கரையில்தான் பந்தயம் முடிகிற இடம். தம்பி கூட்டத்தை விட்டுத் தள்ளி ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். சைக்கிள் பக்கத்தில் கிடந்தது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அம்மா தள்ளிட்டாங்கக்கா. நானே போயி நேரம் குறிக்கற மேஜையில சொல்லிட்டேன், என் பேர எடுத்துருங்கன்னு."

எனக்கு வந்த கோபத்துக்கு அவன் தலையில் ஒன்று போடலாம் போல இருந்தது. ஊரில் இல்லாத யோக்கியன்! வாத்தியார் நேராக மேஜைக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"இந்தப் பையனை யாரும் தள்ளலைங்க" என்றார். "அந்தம்மா கைக்கும் இவன் முதுகுக்கும் நடுவுல இவ்வளவு எடம் இருந்துச்சு. கடைசி வரைக்கும் நான் கூடவே ஓடிப் பாத்தேன்." இரண்டு விரலை விரித்துக் காட்டினார்.

"இல்லீங்க சார்" என்றான் தம்பி. "எனக்கு நல்லாத் தெரிஞ்சுதுங்க. வளைவு முடியற வரைக்கும் தள்ளுனாங்க."

"நீ முன்னால பாத்து ஓட்டுன. நான் பின்னால பாத்தேன்."

மேஜையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோற்கிறவன் ஜெயித்தேன் என்று சண்டை போட்டுப் பார்த்திருப்பார்கள், இப்படி ஒருவனை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். வளைவில் நின்றவர் சொல்வதுதான் கணக்கு என்று பெரியவர் ஒருவர் முடித்துவைத்தார். தம்பி மூன்றாவது.

முதுகில் என்னத்தை உணர்ந்தான் என்று இன்றைக்கு வரைக்கும் அவனைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கை இருந்தது என்றுதான் சொல்கிறான், மில்லில் நிரந்தரமாகி இத்தனை வருஷம் கழித்தும்.

அம்மா மட்டும் கிட்டே வரவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டிருந்தாள். அழுதுகொண்டிருந்தாள், ஆனால் கண்ணைத் துடைக்கக்கூடக் கையை முன்னால் கொண்டுவரவில்லை. வாத்தியார் திரும்பியதும் கேட்டாள்.

"ஏனுங்க சார், இப்பத் தொடலாமுங்களா?"

அவர் கழுத்தில் விசிலைத் தடவிப் பார்த்தார். அது என் இடுப்பில் இருந்த குழந்தையின் வாயில் இருந்தது.

"தொடுங்கம்மா" என்றார்.